அலாரம் நின்ற பிறகு வந்த கனவுகள்

எனக்குக் கனவே வராது என்று 24 வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. படுத்தால் கட்டை, எழுந்தால் ஆள், நடுவில் ஒன்றும் கிடையாது. என் மனைவி அப்படியில்லை. காலையில் காபி ஆற்றும்போதே ஒரு கதை வைத்திருப்பாள். செத்துப்போன பெரியம்மா வந்து புடவை கேட்டாள், ரயில் பாலத்தின் மேல் மாடு நின்றது என்று ஏதாவது ஒன்று. வேலை வெட்டி இல்லாதவர்களுக்குத்தான் கனவு வரும் என்று நான் கிண்டல் செய்வேன்.

கும்பகோணத்தில் நான் பேப்பர் ஏஜென்டாக இருந்தேன். 1998-ல் தொடங்கி 2022 வரைக்கும். திருச்சியில் அச்சாகிற பேப்பர் கட்டு வேனில் வந்து மூன்றரை மணிக்கு இறங்கும். அதற்குள் நான் அங்கே நிற்க வேண்டும். அதனால் மூன்றேகாலுக்கு எழுந்தாக வேண்டும். செல்போன் வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் சாவி கொடுக்கிற டைம்பீஸ் ஒன்று இருந்தது. அதன் சத்தம் எனக்குப் போதவில்லை என்று எவர்சில்வர் தாம்பாளத்தின் மேல் வைத்திருந்தேன். மணி அடித்தால் தாம்பாளமும் சேர்ந்து அதிரும். தெருமுனை நாய்கூட ஒரு குரைப்பு குரைத்துவிட்டுத்தான் மறுபடி படுக்கும். அப்புறம் செல்போன் வந்தது, சத்தம் மாறியது. ஆனால் நான் எழுகிற விதம் மாறவில்லை. கை அலாரத்தின் மேல் அறையும், கால் தரையில் விழும், கைலியை இறுக்கிக் கட்டும்போதே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். இன்றைக்கு எவன் மட்டம் போடுவான்? இணைப்பு எத்தனை செருக வேண்டும்? மழை வருமா, பிளாஸ்டிக் உறை எடுக்கணுமா? இவ்வளவும் ஒரு நிமிஷத்துக்குள்.

முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் லைனைக் கைமாற்றிவிட்டேன். என்னிடம் பன்னிரண்டு வருஷம் பேப்பர் போட்ட தம்பி ஒருவன் எடுத்துக்கொண்டான். அலாரத்தையும் அணைத்துவிட்டேன். ஆனால் உடம்புக்கு யார் சொல்வது? சரியாக மூன்றேகாலுக்கு முழிப்பு வந்துவிடும். எழுந்து போக இடமில்லை. மனைவி தூங்குகிறாள், விளக்கைப் போட்டால் திட்டு விழும். இருட்டில் அப்படியே கிடந்தேன்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, அப்படிக் கிடக்கும்போது ஒரு படிக்கட்டு தெரிந்தது. மகாமகக் குளத்துப் படிக்கட்டு. குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டு இறங்குகிறேன். மேலே யாரோ உட்கார்ந்து சத்தமாக எண்ணுகிறார்கள்: நாற்பத்தொண்ணு, நாற்பத்திரண்டு. அட, இது கனவல்லவா என்று சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். அவ்வளவுதான், எண்ணியது யார் என்று பார்ப்பதற்குள் எல்லாம் போய்விட்டது. ஈரத் துணியால் சிலேட்டைத் துடைத்த மாதிரி.

அன்றைக்குத்தான் உறைத்தது. எனக்குக் கனவு வராமல் இல்லை. வந்ததையெல்லாம் 24 வருஷமாகத் தாம்பாளம் தட்டி விரட்டியிருக்கிறேன்.

பேப்பர் போடுகிறவன் பேப்பர் படிக்க மாட்டான் என்பார்கள். நான் படிப்பேன். இந்த விஷயம் தலையில் ஏறிய பிறகு தேடித் தேடிப் படித்தேன். தூக்கம் ராத்திரி முழுக்க ஒரே சீராகப் போவதில்லையாம். ஏறக்குறைய 90 நிமிஷத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும், மூடிய இமைக்குள்ளேயே கண் அங்குமிங்கும் ஓடுகிற ஒரு கட்டம் வரும். 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி, நதானியேல் கிளைட்மன் என்ற இரண்டு பேர் இதை எழுதினார்கள். அசெரின்ஸ்கி தன்னுடைய சின்ன மகனையே தூங்கவைத்து, தலையில் கம்பிகளை ஒட்டிப் பார்த்திருக்கிறார். 1957-ல் கிளைட்மனும் வில்லியம் டிமென்ட்டும் ஆட்களைத் தூங்கவைத்து நடுவில் எழுப்பிக் கேட்டார்கள். கண் ஓடுகிற கட்டத்தில் எழுப்பினால் ஐந்துக்கு நாலு தடவை கனவைச் சொன்னார்கள். மற்ற நேரத்தில் எழுப்பினால் அனேகமாக ஒன்றும் இல்லை. அந்தக் கட்டம் முடிந்து சில நிமிஷம் கழித்து எழுப்பினாலே கனவு கரைந்துபோயிருந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. முதல் சுற்றில் அந்தக் கட்டம் பத்து நிமிஷம்போலத்தான் இருக்கும். போகப் போக நீண்டு, விடியற்காலையில் அரை மணிக்கும் மேலே போகும். அதாவது ராத்திரியின் சரக்கு பெரும்பாலும் கடைசி மூட்டையில்தான் இருக்கிறது. பத்து மணிக்குப் படுத்து மூன்றேகாலுக்கு எழுகிறவன் அந்த மூட்டையைப் பிரிப்பதே இல்லை. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பலிக்குமோ பலிக்காதோ, விடியற்காலைக் கனவுதான் ஞாபகத்தில் நிற்கும். ஞாபகத்தில் நின்றால்தானே பலித்ததா இல்லையா என்று பேசவே முடியும்.

சரி, இனி என் வழிக்கு வருகிறேன். இதைப் பழக எனக்கு இரண்டு மாசம் ஆனது. முதல் இரண்டு வாரம் நோட்டில் தேதி மட்டும்தான் இருக்கிறது.

கனவைத் திருடுவது எது என்று கவனித்துப் பார்த்தேன். கண் திறப்பது ஒன்று. புரண்டு படுப்பது ஒன்று. பக்கத்தில் யாராவது பேசுவது ஒன்று. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய திருடன் ‘மணி என்ன?’ என்கிற கேள்வி. மணி தெரிந்த அடுத்த நொடி, பால் வாங்கணும், கரன்ட் பில் கட்டணும் என்று அன்றைய நாள் முழுக்க வரிசையில் வந்து நின்றுவிடும். கனவு கூச்ச சுபாவம் உள்ள விருந்தாளி. இந்தக் கும்பலைப் பார்த்ததும் பின்வாசல் வழியாகப் போய்விடும்.

அதனால் முழிப்பு வந்ததும் நான் செய்வதெல்லாம் ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான். கண் மூடியபடி, விரல்கூட அசைக்காமல். ‘எங்கே இருந்தேன்?’ என்று மட்டும் உள்ளுக்குள் கேட்டுக்கொள்வேன். ‘என்ன கனவு கண்டேன்?’ என்று கேட்டால் எனக்கு ஒன்றும் வருவதில்லை. பரீட்சையில் கேட்ட மாதிரி மனசு விறைத்துக்கொள்கிறது. எங்கே என்று கேட்டால் ஒரு இடம் வரும். ஒரு திண்ணை, ஒரு பஸ் சீட். அதுவும் வராவிட்டால், நெஞ்சில் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்ப்பேன். கோபமா, வெட்கமா, யாரையோ காத்திருந்த மாதிரியா? அந்த உணர்ச்சி கொஞ்சம் நின்றால், அதற்குரிய ஆள் தானாக வந்து நிற்பார். கடைசிக் காட்சி கிடைத்ததும் அதிலிருந்து பின்னால் போக வேண்டும். இதற்கு முன்னால் என்ன, அதற்கும் முன்னால் என்ன என்று. கிணற்றில் விழுந்த வாளியைக் கயிற்றின் நுனியைப் பிடித்து மேலே இழுக்கிற மாதிரி. வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும்.

எங்கள் அப்பாயி எழும்போது வலது பக்கம் திரும்பி, இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் காலைத் தரையில் வைப்பாள். சாமி சமாசாரம் என்று நினைத்திருந்தேன். இப்போது, எழுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் வாங்கிக்கொள்கிற தந்திரமும் அதில் இருந்ததோ என்று தோன்றுகிறது.

ஒருநாள் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். இடது பக்கம் ஒருக்களித்து, வலது கையைத் தலையணைக்கு அடியில் விட்டுப் படுத்திருந்தேன். கனவில் கட்டைப் பிரிக்கிறேன். சணல் கயிற்றை அறுத்து முதல் பேப்பரை எடுத்தால், வெறும் வெள்ளை. இரண்டாவதும் வெள்ளை. மை வாசனை மட்டும் கமகமவென்று வருகிறது. அந்த நேரம் பார்த்து மாடியில் யாரோ வாளியை நகர்த்திய சத்தம். மல்லாந்து திரும்பிவிட்டேன். எல்லாம் போச்சு. ஏதோ பேப்பர் என்பது மட்டும் மிச்சம். எரிச்சலாக இருந்தது. சரி, இன்னும் கொஞ்சம் படுக்கலாம் என்று மறுபடி இடது பக்கம் ஒருக்களித்து, கையைத் தலையணைக்கு அடியில் நுழைத்தேன். துணியின் குளிர்ச்சி விரலில் பட்டது. பட்டதும், பக்கத்தில் ஒரு பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பல வருஷம் முன்னால் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட பையன். வெள்ளைப் பேப்பரை ஒவ்வொன்றாக மடித்து, ‘இன்னைக்குச் செய்தி ஒண்ணும் இல்லண்ணே, போட்டுரலாமா?’ என்கிறான். கையிடுக்கில் அவனுடைய பழைய டார்ச் லைட், மூடியில் ரப்பர் பேண்ட் சுற்றியது. அந்த ரப்பர் பேண்டை நான் நனவில் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து எனக்கு இது சட்டம். தவறிப்போய் அசைந்துவிட்டால், முழித்தபோது எப்படிப் படுத்திருந்தோமோ அதே மாதிரி திரும்பிப் படுக்க வேண்டும். பத்து தடவையில் மூன்று நாலு தடவையாவது வால் கையில் சிக்குகிறது. அந்தப் பக்கத்தில் சிக்காவிட்டால், வழக்கமாகப் படுக்கிற மற்றப் பக்கத்துக்கு மெதுவாகத் திரும்பிப் பார்ப்பேன். சில சமயம் அங்கே வேறொரு கனவு இருக்கும்.

அலாரத்தை இவ்வளவு திட்டுகிறேனே, நேர்மாறான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1893-ல் அமெரிக்காவில் மேரி கால்கின்ஸ் என்ற பேராசிரியை கனவுகளைக் கணக்கெடுத்தபோது அலாரத்தை வைத்துத்தான் வேலை செய்தார். ராத்திரியின் வெவ்வேறு நேரங்களில் அடிக்கும்படி வைத்து, முழித்தவுடன் எழுதினார். படுக்கைப் பக்கத்திலேயே காகிதம், பென்சில், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி. ஆகவே குற்றம் முழுக்க அலாரத்தின் மேல் இல்லை. அலாரம் அடித்த மறு நொடி நாம் எதன் பக்கம் ஓடுகிறோம் என்பதுதான் விஷயம். அவர் காகிதத்தின் பக்கம் ஓடினார், நான் வேன் பக்கம் ஓடினேன்.

என் படுக்கைப் பக்கத்தில் இருப்பது 40 பக்கக் கோடு போட்ட நோட்டும் பென்சிலும். பேனா வேண்டாம். படுத்தபடி தூக்கிப் பிடித்து எழுதினால் பால்பாயிண்ட் பேனாவில் நாலு எழுத்துக்குமேல் மை இறங்காது. பென்சிலை நூலில் கட்டி நோட்டோடு சேர்த்திருக்கிறேன், இருட்டில் துழாவ வேண்டியதில்லை. வெளிச்சத்துக்கு ஜீரோ வாட் பல்பு. செல்போனில் எழுதலாம் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். எடுத்தவுடனே முகத்தில் வெளிச்சம் அடிக்கிறது, கூடவே ரோஜாப்பூ போட்ட காலை வணக்கங்கள் ஏழு வந்து நிற்கின்றன. குரலில் பதிவு செய்தும் பார்த்தேன். ‘குளத்துல தண்ணி இல்ல, செருப்பக் காணும்’ என்று இருட்டில் நான் முணுமுணுத்ததைக் கேட்டு மனைவி பயந்துவிட்டாள். ‘என்னங்க, உடம்புக்கு என்ன பண்ணுது?’ என்று என்னை உலுக்கியதில் மிச்சக் கனவும் ஓடிவிட்டது. அன்றைக்கே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். காலையில் நான் முதலில் வாய் திறக்கும்வரை அவள் பேசக் கூடாது. நாப்பது வயசுக்கு முன்னாடியே இந்த யோசனை வந்திருக்கலாமே என்றாள்.

எழுதினால் மட்டும் போதாது, அது விளங்கவும் வேண்டும். ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி, ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்தில் இருந்தவர். நரம்பு ரசாயனத்தின் மூலம் செய்தி அனுப்புகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை அவருக்குக் கனவில் வந்தது. நடு ராத்திரி எழுந்து ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கிவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் பார்த்தால் தன் எழுத்தே புரியவில்லை. நாள் முழுக்கத் தவித்திருக்கிறார். நல்ல வேளை, அடுத்த ராத்திரி மூன்று மணிக்கு அதே யோசனை மறுபடி வந்தது. இந்தத் தடவை எழுதிக்கொண்டிருக்கவில்லை, நேரே ஆய்வுக்கூடத்துக்கு எழுந்து போய் தவளை இதயத்தை வைத்துச் சோதனையை முடித்துவிட்டார். 1936-ல் நோபல் பரிசு வாங்கினார். என் நோட்டிலும் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: ‘ஆடு. படி. 3 ரூ. தம்பி சட்டை.’ எனக்கு இரண்டாம் ராத்திரி வாய்க்கவில்லை. அதனால் இப்போது ஒற்றை வார்த்தைகளாக எழுதுவதில்லை. யார் என்ன செய்தார்கள் என்று ஒரு முழு வாக்கியம் முதலில். மற்றதெல்லாம் அப்புறம்.

எங்கள் ஊர் ஆளை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு சாரங்கபாணி சன்னதி தெருவில் இருக்கிறது. இப்போது நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். அந்தத் தெரு என் லைனில்தான் இருந்தது. நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குகளைக் காட்டுவதாகவும், எழுந்தவுடன் அதை எழுதி வைத்ததாகவும் அவர் சொன்னதாக அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். தாயார் வந்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். எனக்கு இப்போது அந்த ‘எழுந்தவுடன்’தான் பெரிதாகத் தெரிகிறது. எத்தனை வருஷம் அந்த வாசலைச் சைக்கிள் மணி அடித்துக்கொண்டே கடந்திருக்கிறேன்.

இரவில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. படுக்கும்போது ‘நாளைக்குக் கனவோடு எழுந்திருப்பேன்’ என்று இரண்டு தடவை சொல்லிக்கொள்வேன். சிரிப்பாக இருக்கும், ஆனால் சொல்லாத நாளில் காலையில் முதல் ஞாபகம் மணிதான். சீக்கிரம் படுப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். தூக்கத்தில் கடைசி ஒரு மணி நேரத்தை வெட்டினால், வெட்டுப்படுவது பெரும்பாலும் கனவுதான். குடித்துவிட்டுப் படுத்தால் முன்னிரவில் கனவுக்கட்டம் குறைந்துபோகும், பின்னிரவில் தூக்கமே துண்டு துண்டாகிவிடும். என் வயசில் ராத்திரி ஒரு தடவையாவது பாத்ரூம் போக முழிப்பு வரும். முன்பு அது தொல்லை. இப்போது அது எனக்குச் சம்பளமில்லாத அலாரம். ஒரு நிமிஷம் அசையாமல் கிடந்து கனவைப் பிடித்துவிட்டு, அப்புறம் எழுந்து போகிறேன்.

அலாரம் வைத்தே தீர வேண்டியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இரண்டு வையுங்கள். எழ வேண்டிய நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஒன்று. புல்லாங்குழல் மாதிரி மெல்லத் தொடங்கித் தானாக நின்றுவிடுகிற சத்தமாக இருக்கட்டும். அடுத்தது வழக்கமானது. இரண்டாவது இருக்கிறது என்கிற தைரியத்தில்தான் முதல் சத்தத்துக்குப் பிறகு பதறாமல் கிடக்க முடியும். என் மருமகன் முதல் அலாரத்துக்குச் செல்போனில் ‘அசையாதே’ என்று பேர் வைத்திருக்கிறார்.

அசையாமல் கிடப்பதில் ஒருநாள் வசமாக மாட்டிக்கொண்டேன். மல்லாந்து படுத்திருந்தேன். முழிப்பு வந்துவிட்டது, மின்விசிறிச் சத்தம் கேட்கிறது. அன்றைக்கு நானாக அசையாமல் இல்லை, அசையவே முடியவில்லை. மார்பின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. கத்த வாய் வரவில்லை. சின்ன வயதில் இதை அமுக்குவான் பேய் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். கனவுக்கட்டத்தில் நம் கைகால் தசைகளை மூளையே தளர்த்திக் கட்டிப்போடுகிறது, இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் கட்டிலில் இருந்தும் ஓடிவிடுவான். சில நேரம் முழிப்பு முந்திக்கொள்ளும், கட்டு அவிழக் கொஞ்சம் பிந்தும். அதுதான் பேய். அரை நிமிஷம் மூச்சை மட்டும் கவனித்தபடி இருந்தேன், தானாக விட்டது. மல்லாந்து படுக்கிறவர்களுக்கு இது கூடுதலாக வரும் என்பதால் ஒருக்களித்தே படுக்கிறேன். இதற்கு நேர் எதிராக, கனவில் அடிப்பதை நிஜமாகவே கையைக் காலை வீசி அடிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் நோட்டு வாங்க வேண்டாம், நரம்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நோட்டில் இருக்கிற எல்லாமே கனவில் இருந்ததில்லை. எழுதும்போதே மனசு ஒட்டுப்போடுகிறது. குளத்தில் இருந்தேன், அடுத்து வீட்டில் இருந்தேன் என்றால், நடுவில் ‘நடந்து வந்தேன்’ என்று கை தானாக எழுதிவிடும். இப்போது அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டு நகர்கிறேன். அப்புறம், கெட்ட கனவாக வந்த ஒரு மாசம் நோட்டை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். எல்லாவற்றையும் பிடித்து வைத்துத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமா என்ன?

லைனை எடுத்துக்கொண்ட தம்பியிடம் இதையெல்லாம் ஒருநாள் சொன்னேன். ‘எனக்குக் கனவே வராதுண்ணே’ என்றான், நான் சொல்வேனே அதே தோரணையில். உனக்கு வருஷத்துக்கு நாலைந்து நாள்தானே பேப்பர் லீவு, அடுத்த லீவு அன்றைக்கு அலாரம் வைக்காமல் படு, முழிப்பு வந்தால் அசையாமல் கிட என்றேன். போன ஆயுத பூஜைக்கு மறுநாள் பேப்பர் கிடையாது. காலை எட்டரை மணிக்குப் போன் வந்தது.

‘அண்ணே, வந்துச்சுண்ணே!’

‘என்னப்பா வந்துச்சு?’

‘கனவுதான். கட்டு இறங்குற இடத்துல நிக்கிறேன். வேன் வரவே இல்லண்ணே. விடியிற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தேன்.’